விளையாட்டும் வேவும்

கணினித் தொழிலில் ஈடுபட்டிருப்போரைக் காணும் பழைய நண்பர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்பர். எந்தக் கணினியை வாங்கலாம் என்பது முதலாவது. பிள்ளை இரவுபகலாகக் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடக்கின்றான், தடுப்பதா விடுவதா என்பது இரண்டாவது. மூன்றாவதைச் சிரித்துக்கொண்டே கேட்பர்: "இந்தக் கருவிகள் எங்களை வேவு பார்க்கின்றனவாமே, மெய்தானா?" முதலாவதற்குரிய விடை ஆறு மாதத்திற்கொருமுறை மாறுவது. இரண்டாவதன் விடை பிள்ளையைப் பொறுத்தது. பெற்றாரையும் பொறுத்தது என்று சொன்னால் நண்பர் பேச்சை மாற்றிவிடுவார். மூன்றாவது கேள்விக்கே நின்று நிதானித்து விடை கூறவேண்டியிருக்கின்றது. அதனை இம்மலரிற் சிறிது விரித்துரைக்க முயல்கின்றோம்.

யாம் விடுதியில் இருந்த காலத்தில் ஆடிய கரம் பலகை, ஆடினவர் இன்னார் என்று அறிந்ததில்லை. சதுரங்கக் காய்களும் அவ்வாறே. ஆட்டம் முடிந்தாற் பலகையைச் சுவரிற் சாத்திவிட்டுப் படிக்கப் போவோம். வென்றவன் பெருமையும் தோற்றவன் வெட்கமும் கண்டவர் நினைவிற் சில நாள் நின்று மறையும். இன்று ஒரு பிள்ளை கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஓர் ஆட்டத்தைத் தொடங்கப் புகுந்தால், திரையில் முதலில் வருவது ஆட்டமன்று, ஒரு படிவம். அது பெயரைக் கேட்கும். மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும். பிறந்த திகதியையும் கேட்கும். முன்னிரண்டிற்கும் ஓரளவு நியாயம் உண்டு. ஆடுவோன் மறுநாள் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமாயின் அவனுக்கு ஓர் அடையாளம் வேண்டும். கடவுச்சொல்லை மறந்தானாயின் புதியதொன்றை அனுப்ப முகவரி வேண்டும். ஆட்டத்திற்கும் ஒருவன் பிறந்த நாளுக்கும் என்ன தொடர்பு?

இதற்குரிய விடை ஓர் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கின்றது. இணையத்திற் சிறுவரின் அந்தரங்கத்தைக் காத்தற்கென 1998 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2000 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றாரின் இசைவின்றித் திரட்டலாகாது என விதித்தது. பிள்ளை யார், வளர்ந்தவர் யார் என்று அறியவேண்டிய நிலைக்கு உள்ளான நிறுவனங்கள், வருவோர் அனைவரிடமும் பிறந்த திகதியைக் கேட்கத் தொடங்கின. சிறுவரின் விவரங்களைக் காக்க எழுந்த சட்டம், கிழவரிடமும் ஒரு விவரத்தை வாங்குதற்கு வாயிலாயிற்று. வயதை அறிதற்குப் பிறந்த ஆண்டும் மாதமும் போதுமே, நாள் எதற்கு என்று வினவின் எவரும் விடை பகரார். படிவத்தில் இடம் இருந்தது, ஆதலாற் கேட்டார்கள். அவ்வளவுதான்.

பிறந்த நாளைச் சொல்லிவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கருதுவார்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1990களில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், அரச ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டோம் எனக் கூறி ஆராய்ச்சியாளருக்கு வழங்கினர். அக்காலத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த லற்றான்யா சுவீனி என்பார் கேம்பிறிட்ஜ் நகர வாக்காளர் இடாப்பை 20 டொலர் கொடுத்து வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் வசித்த நகரம் அது. ஆளுநர் பிறந்த அதே திகதியிற் பிறந்தோர் அந்நகர இடாப்பில் அறுவர். அவருள் ஆடவர் மூவர். அம்மூவருள் ஆளுநரின் அஞ்சற் குறியீட்டுக்குள் வசித்தவர் ஒருவரே. பெயர் நீக்கப்பட்ட ஏட்டிலிருந்து ஆளுநரின் மருத்துவ விவரம் வெளிவந்துவிட்டது. பின்னர் அவ்வம்மையார் 1990 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு கணித்து, பிறந்த திகதி, பால், ஐந்திலக்க அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றை மாத்திரம் கொண்டு அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து இனங்காணலாம் என்று காட்டினார்.

இது தொலைவிலுள்ள செய்தி என்று எண்ணவேண்டாம். எமது தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையாயின் முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் குறிக்கும். பெண்களாயின் அந்த நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததன்றி முறை மாறவில்லை. எனவே ஒரு கடையிலோ கட்டட வாசலிலோ அட்டை இலக்கத்தை எழுதிக்கொடுப்பவர், தாம் அறியாமலே பிறந்த திகதியையும் ஆணோ பெண்ணோ என்பதையும் சேர்த்துக் கொடுக்கின்றார். மேற்கூறிய மூன்றினுள் இரண்டு அங்கேயே வந்துவிட்டன.

எம்மிடம் மறைக்க என்ன இருக்கின்றது என்பாரும் உளர். நல்ல கேள்வியே. ஆயின் எம் முன்னோர் பிள்ளையின் சாதகக் குறிப்பை எங்ஙனம் வைத்திருந்தனர் என்பதை நினைவுகூர்தல் தகும். அது அலுமாரியில், துணி மடிப்பினுள்ளே இருந்தது. அதில் வெட்கப்படத்தக்கது ஒன்றுமில்லை. எனினும் திருமணப் பேச்சு வந்தாலன்றி அது வெளியே வருவதில்லை. வந்தாலும் உரியவர் கையிலன்றிப் பிறர் கையிற் போவதில்லை. பொருத்தம் இல்லையென்றால் குறிப்புத் திரும்பி வீடு வந்து சேரும். கேட்டவர் யார், எதற்குக் கேட்டார், காரியம் முடிந்தபின் அது எங்கே என்ற மூன்றையும் வீட்டுப் பெரியவர் அறிந்திருந்தார். அந்தரங்கம் என்பது குற்றத்தை ஒளித்தலன்று. இம்மூன்றையும் அறிந்திருத்தலே அதுவாகும் என்பது எமது துணிபு. இணையத்தில் யாம் இழந்திருப்பதும் இதனையே.

இவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, வலையின் இளமைப் பருவத்தை நோக்கவேண்டும். 1989 ஆம் ஆண்டிற் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ முன்மொழிந்த உலகளாவிய வலை, இயல்பிலேயே மறதி மிக்கது. எமது கணினி ஒரு பக்கத்தைக் கேட்கும். தொலைவிலுள்ள வழங்கிக் கணினி அதனைத் தரும். தந்தவுடன் கேட்டவரை மறந்துவிடும். மறுநொடியில் அடுத்த பக்கத்தைக் கேட்பின், முன்னர் வந்தவரே இவர் என்று அதற்குத் தெரியாது. வாசிப்பதற்கு இது போதும், வாங்குவதற்குப் போதாது. கூடையில் ஒரு பொருளை இட்டு அடுத்த பக்கம் சென்றால், கடைக்காரர் கூடையையும் ஆளையும் மறந்துவிடுவார் அன்றோ?

இக்குறையை நீக்க 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய லூ மொன்ருல்லி என்னும் இளைஞர் ஒரு வழி கண்டார். அதுவே குக்கி எனப்படுவது. கோயில் வாசலிற் செருப்பை ஒப்படைத்தால் இலக்கமிட்ட ஒரு தகடு தருவார்களே, அத்தகையது அது. வழங்கிக் கணினி ஓர் இலக்கத்தை எமது கணினியிடம் கொடுத்து வைக்கும். அடுத்தமுறை போகும்போது எமது கணினி அதனைக் காட்டும். வழங்கி எம்மை அறிந்துகொள்ளும். இதிற் குற்றமில்லை. குக்கி இன்றேல் உலாவியில் மின்னஞ்சலைப் பார்த்தலும் வங்கிக் கணக்கைப் பார்த்தலும் அரிதாகும்.

குற்றம் பின்னர் வந்தது. ஒரு செய்திப் பக்கத்தில் விளம்பரப் படம் ஒன்று இருக்கின்றது. அப்படம் செய்தித்தாளின் வழங்கியிலிருந்து வருவதன்று. விளம்பர நிறுவனமொன்றின் வழங்கியிலிருந்து வருவது. படத்தைக் கேட்கும்பொழுது அந்நிறுவனமும் எமக்கு ஒரு தகடு தந்துவிடுகின்றது. சிறிது நேரம் கழித்து நீரிழிவு மருந்தைப் பற்றிய வேறொரு பக்கத்தைத் திறக்கின்றோம். அங்கும் அதே நிறுவனத்தின் படம். எமது கணினி அதே தகட்டைக் காட்டுகின்றது. பத்தாயிரம் வாசல்களில் ஒரே காவலன் நின்றால் எவர் எங்கே போய் வந்தார் என்பதை அறிய அவன் எவரையும் பின்தொடர வேண்டியதில்லை. இதன் தீங்கை அறிந்தோர் அக்காலத்திலேயே இருந்தனர். இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் பொறியியலாளர் குழு, 1997 பெப்ரவரியில் வெளியிட்ட 2109 ஆம் இலக்க ஆவணத்தில், இத்தகைய மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் இயல்பாக ஏற்றலாகாது என எழுதிற்று. அன்று உலகை ஆண்ட இரண்டு உலாவிகளும் அதனைப் பின்பற்றவில்லை. அப்பிள் நிறுவனத்தின் சபாரி உலாவி அவற்றை முற்றாக மறுத்தது 2020 மார்ச்சில். 23 ஆண்டுகள் சென்றன. கூகுள் நிறுவனம் அதே ஆண்டு சனவரியில், இரண்டு ஆண்டுகளில் யாமும் நிறுத்துவோம் என்றது; பலமுறை நாள் தள்ளி, 2024 யூலையில் அவ்வெண்ணத்தையே கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் உலாவியையும் தானே செய்து தரும்போது வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்?

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் நன்று. உலாவிகளில் மறைநிலைச் சாளரம் என ஒன்று உண்டு. அதனைத் திறந்தால் எவரும் காணார் எனப் பலர் நம்புகின்றனர். அச்சாளரத்தை மூடியதும் எமது கணினி மறந்துவிடும் என்பதே மெய். வழங்கிக் கணினிகள் மறப்பதில்லை. இது குறித்து 2020 ஆம் ஆண்டிற் கூகுள்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு 2024 இல் இணக்கமாயிற்று. திரட்டி வைத்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் உடன்பட்டது. முகவரியின் அருகே தோன்றும் பூட்டுக் குறியும் அத்தகையதே. வழியில் எவரும் கடிதத்தைப் பிரித்து வாசிக்கவில்லை என்பதற்கு அது சான்று. பெறுபவர் நல்லவர் என்பதற்குச் சான்றன்று.

இனி விளையாட்டுக்கு மீள்வோம். இணைய ஆட்டங்களில் ஏமாற்றுவோர் பலர். சுவரினூடே எதிரியைக் காட்டும் நிரலைக் கள்ளமாக இயக்கி வெல்வோர் உளர். அவரைத் தடுக்காவிடின் நேர்மையாக ஆடுவோர் விலகிவிடுவர். ஆதலின் ஆட்ட நிறுவனங்கள் காவல் நிரல்களைச் செய்தன. வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட் என்னும் ஆட்டத்தின் காவல் நிரல், ஆடுவோரின் கணினியில் அப்பொழுது திறந்திருக்கும் ஏனைய சாளரங்களின் தலைப்புகளையும் வாசிக்கின்றது என 2005 ஆம் ஆண்டிற் கிரெக் ஹொக்லண்ட் என்னும் பாதுகாப்பு வல்லுநர் எடுத்துக்காட்டினார். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் மின்னஞ்சலின் தலைப்பும் அதில் அடங்கும். 2020 இல் வெளிவந்த வலோறன்ற் என்னும் ஆட்டத்தின் காவலன் இன்னும் ஒருபடி மேலே சென்று, கணினியை இயக்கியவுடன் தானும் விழித்தெழுந்து, இயங்குதளத்தின் உள்ளகத்திலே அமர்ந்துவிடுகின்றான். அதனைக் கோயிலின் மூலத்தானத்திற்கு ஒப்பிடலாம். அங்கே புகுந்தவர் செய்ய முடியாதது ஒன்றுமில்லை. ஏமாற்றுவோரைத் தடுக்கும் தேவை மெய்யானது என்பதை யாம் மறுக்கவில்லை. அத்தேவைக்கு இவ்வளவு பெரிய திறவுகோலைக் கொடுக்கவேண்டுமா என்பதிலேதான் எமக்கு ஐயம். வீட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் யாம் அவ்வாட்டத்தை நிறுவோம்.

வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்டை நடத்தும் பிளிஸாட் நிறுவனம் 2010 யூலை 6 ஆம் திகதி வேறோர் அறிவித்தல் செய்தது. ஆடுவோர் கருத்துப் பரிமாறும் அதன் இணையப் பலகையில் இனிமேற் புனைபெயர் கூடாது. எழுதுவோர் ஒவ்வொருவரின் மெய்ப்பெயரும் தோன்றும். அதனால் வசைமொழி குறையும் என்றது. நோக்கம் நன்றே. அந்நிறுவனத்து ஊழியர் ஒருவர், இதனால் அஞ்சுதற்கு ஒன்றுமில்லை எனக் காட்டத் தமது மெய்ப்பெயரை அப்பலகையில் எழுதினார். சிறிது நேரத்துக்குள் அவருடைய வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் முதலியவற்றை வாசகர் தேடி எடுத்து அங்கேயே பதிந்துவிட்டனர்! எதிர்ப்பு மலைபோல் எழுந்தது. பெண்கள் பலர், ஆட்டத்தில் தம்மை வெறுத்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்பானே என்றனர். மூன்றே நாளில், 9 ஆம் திகதி, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. ஆடுவோர் கூடிக் குரலெழுப்பி வென்ற சில நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டு நேர்ந்ததில் வெற்றி பெற்றார் எவருமில்லை. 2011 ஏப்ரில் நடுப்பகுதியிற் சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேசன் வலையமைப்பினுள் கள்வர் புகுந்தனர். 20 ஆம் திகதி வலையமைப்பு மூடப்பட்டது. விவரங்கள் களவுபோயின என்பதை ஆடுவோர்க்குச் சொன்னது 26 ஆம் திகதியே. 7 கோடியே 70 இலட்சம் கணக்குகள். பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த திகதி, கடவுச்சொல் முதலியன. வலையமைப்பு மூன்று வாரத்திற்கு மேல் மூடிக் கிடந்தது. பிரித்தானிய அதிகார சபை 2013 சனவரியில் விதித்த தண்டம் 2 இலட்சத்து 50 ஆயிரம் பவுண். கடவுச்சொல்லை ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். வங்கி அட்டையை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளை எங்ஙனம் மாற்றுவது? அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று இருபதைத் தாண்டிவிட்டது. ஓர் ஆட்டத்திற்காகக் கொடுத்த அவ்விவரம் இன்றும் மெய்யாகவே இருக்கின்றது.

போற்நைற் ஆட்டத்தை நடத்தும் எப்பிக் நிறுவனம், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றாரை உசாவாது திரட்டியமைக்காகவும், அந்நியருடன் குரலாற் பேசும் வசதியைப் பிள்ளைகளுக்கும் இயல்பாகவே திறந்து வைத்தமைக்காகவும் தொடரப்பட்ட வழக்கில், 2022 டிசெம்பரில் 27 கோடியே 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. போக்கிமொன் கோ என்னும் ஆட்டத்தின் கதை இன்னும் நுட்பமானது. 2016 யூலையில் வெளிவந்த அவ்வாட்டம், பிள்ளைகளைத் தெருவிலும் பூங்காவிலும் நடக்கவைத்தது என்று யாமும் புகழ்ந்தோம். அதில் விரும்பினோர் சிலைகளையும் கட்டடங்களையும் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து அனுப்பும் வசதி பின்னர் வந்தது. 2024 நவம்பரில் அதனை நடத்திய நயான்ரிக் நிறுவனம், அவ்வாறு வந்த படங்களையும் கொண்டு, இடங்களை உணரும் செயற்கை அறிவு மாதிரியொன்றை அமைப்பதாக அறிவித்தது. 2025 இல் ஆட்டத்தை வேறொரு நிறுவனத்திற்கு விற்றபொழுது, இடங்களைப் பற்றிய தொழிலைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. ஆடினவர் ஏமாற்றப்பட்டார் என்று கூற முடியாது. இசைவு கேட்டுத்தான் வாங்கினர். எனினும் மாயப் பிராணிகளைத் தேடி நடந்தவர், தாம் நிலமளந்து கொடுக்கின்றோம் என்று அறிந்திருப்பாரா?

பிறரைக் குறைகூறிய யாம் எமது கைகளையும் காட்டவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை மாணவருக்கான வினாவிடை ஆட்டமொன்றுக்குப் பதிவுப் பக்கம் செய்து தரும் பொறுப்பு எமக்கு வந்தது. பெயரும் பாடசாலையும் வகுப்பும் போதுமாயிருந்தன. யாம் பிறந்த திகதி, பெற்றாரின் தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி ஆகியவற்றுக்கும் இடம் வைத்தோம். எவரும் கேட்கச் சொல்லவில்லை. "பின்னர் உதவக்கூடும்" என்பது தவிர வேறு காரணம் எம்மிடம் இருக்கவில்லை. போட்டி முடிந்தது, பரிசு வழங்கினார்கள், அந்த அட்டவணையை எல்லாரும் மறந்தோம். மூன்று ஆண்டுகளின் பின் வழங்கியை மாற்றும்பொழுதுதான் அதனைக் கண்டோம். தேடிப் பார்த்ததில் அதன் பிரதிகள் நான்கு இடங்களில் இருந்தன. அவற்றுள் ஒன்று வேலையை விட்டுச் சென்ற ஒருவரின் சொந்த மடிக்கணினியில். சில ஆயிரம் பிள்ளைகளின் விவரம். அவரை அழைத்து அழிப்பித்தோம். ஏனையவற்றை யாமே அழித்தோம். தீங்கு ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. நேர்ந்திருந்தாலும் அது எம்மிடமிருந்து போனதென்று அப்பெற்றார் அறிந்திருக்க வழியில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை என்பதை ஒளிக்காமற் கூறுகின்றோம்.

வைத்திருப்பதற்குச் செலவில்லை என்பதே இத்தொழிலின் பெருங் குறை. முன்னாளிற் கந்தோரில் ஒரு கோப்பைப் பேணுவதற்கு அலுமாரி வேண்டும், இடம் வேண்டும், கறையானைத் தடுக்க ஆள் வேண்டும். ஆண்டிறுதியில் வேண்டாதவற்றை எரித்தார்கள். இன்று எரிப்பதற்கே ஆள் வேண்டும். இலாபம் வைத்திருப்பவருக்கு, இழப்பு, அது களவு போகும் நாளில், விவரத்துக்கு உரியவருக்கு.

சட்டம் இதனை மெல்ல உணர்ந்து வருகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 இல் நடைமுறைக்கு வந்தது. எமது பாராளுமன்றமும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கின்றது. எந்நோக்கத்திற்கெனச் சொல்லிப் பெற்றாரோ அந்நோக்கத்திற்கே பயன்படுத்தவேண்டும், தேவைக்கு மேற் பெறலாகாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்பன அதன் அடிப்படைகள். சாதகக் குறிப்பைத் திருப்பிக் கொடுத்த மரபுக்கு இது புதிதன்று. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாயிருந்து ஒத்திவைக்கப்பட்டன. யாம் சட்டத்திற்காகக் காத்திராமல், எமது படிவங்களிற் பிறந்த திகதிக்குரிய இடத்தை நீக்கி, "13 வயது நிரம்பிவிட்டதா?" என்ற ஒரு வினாவை வைத்தோம். இதுவரை எந்த வேலையும் அதனாற் குறைபடவில்லை.

இரண்டாவது கேள்வியைக் கேட்ட நண்பருக்கு எமது விடை இதுவே: பிள்ளை ஆடட்டும். முதல் நாள் அந்தப் படிவத்தை நிரப்பும்பொழுது அருகில் இருங்கள். ஆண்டை மெய்யாகவும், நாளையும் மாதத்தையும் வேறாகவும் எழுதுவது எமது வழக்கம். வங்கியிலும் அரச கருமங்களிலும் அவ்வாறு செய்யவேண்டாம். எழுதியதை ஒரு குறிப்புப் புத்தகத்திற் பதிந்து வையுங்கள், கடவுச்சொல்லை மறந்தால் அதனையே திரும்பக் கேட்பார்கள். மின்னஞ்சலுக்கு வைத்த கடவுச்சொல்லை ஆட்டத்திற்கு வைக்கவேண்டாம். அந்நியர் குரல் வரும் வழியை அமைப்புகளிற் சென்று மூடிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்ட நண்பருக்குத் தனியே கடிதம் எழுதியுள்ளோம்.